பொறி வந்தது, லூர் வரவில்லை: பருத்திக் காய்ப்புழுவும் அரசு உதவியும்

பருத்தியில் காய்ப்புழுவைக் கட்டுப்படுத்த அரசு செலவு செய்கிற பணம் எங்கள் கைக்குப் பணமாக வருவதில்லை, பொருளாகத்தான் வரும். ஆண் அந்துப்பூச்சியைப் பிடிக்கிற இனக்கவர்ச்சிப் பொறி, அதற்குள் வைக்கிற லூர் என்ற பெண் பூச்சி வாசனைக் குப்பி, புழுவின் முட்டையை அழிக்கும் குளவிகள் வெளிவருகிற ஒட்டுண்ணி அட்டை, வேப்ப எண்ணெய், சில ஆண்டுகளில் ஒரு பயிற்சி வகுப்பும் மதியச் சாப்பாடும். மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு இயக்கத்தில் பருத்திக்கென்று ஒதுக்குவது, மாநில அரசின் பருத்தித் திட்டம், அட்மா என்ற வேளாண் விரிவாக்கத் திட்டம் என்று தலைப்புகள் மாறும். விரிவாக்க மையத்துக் கிடங்கிலிருந்து சாக்கில் கட்டி எடுத்துவருகிற பொருள் ஏறக்குறைய ஒன்றுதான்.

பெரம்பலூர் மாவட்டத்தில் மானாவாரிக் கரிசலில் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற குடும்பம் எங்களுடையது. கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் அமைத்த உழவர் ஆர்வலர் குழுவுக்கு நான்தான் கணக்கு எழுதுகிறேன். அதனால் இந்தப் பொருள்கள் எந்த மாதம் வந்தன, யாருக்குப் போயின, எந்த வயலில் வேலை செய்தன, எந்த வீட்டுப் பரணில் கிடந்தன என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பார்த்ததில் எனக்கு உறுதியாகப் பட்டது இது: புழுவுக்கான அரசுப் பணத்தை ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்தால் வீணாகப் போகிறது. ஒட்டியிருக்கிற நிலம் முழுவதற்கும், சரியான மாதத்தில் கேட்டு வாங்கினால் அதே பணம் நன்றாக வேலை செய்கிறது.

புழுவின் போக்கைத் தெரிந்துகொண்டால் இதற்குக் காரணம் புரியும். இப்போது எங்களைப் படுத்துவது இளஞ்சிவப்புக் காய்ப்புழு. 2002 இல் பிடி பருத்தி, அதாவது புழுவைக் கொல்கிற நச்சுப் புரதத்தைத் தானே உண்டாக்கும் மரபணு மாற்றப் பருத்தி வந்தது. 2006 இல் இரண்டு நச்சுப் புரதம் சேர்த்த விதை வந்தது. பச்சைக் காய்ப்புழு அடங்கியது, மருந்துச் செலவும் சில ஆண்டுகள் குறைந்தது. ஆனால் இளஞ்சிவப்புப் புழு பெரும்பாலும் பருத்தியையே நம்பிப் பிழைக்கிற பூச்சி. அதே பிடி செடியைத் தலைமுறை தலைமுறையாகத் தின்று அதற்குப் பழகிவிட்டது. குஜராத்தில் முதல் விதைக்கு எதிர்ப்புச் சக்தி வந்ததை 2010 இல் விதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. அடுத்த சில ஆண்டுகளில் இரண்டாவது விதையும் அங்கே கைவிட்டது. விதைப் பாக்கெட்டோடு பிடி இல்லாத விதை 120 கிராம் தனிப் பொட்டலமாக வந்ததே, அதை ஓரத்தில் விதைக்கச் சொன்னது இந்த எதிர்ப்புச் சக்தி வராமல் தள்ளிப்போடத்தான். எங்கள் பக்கம் அதை விதைத்தவர்கள் மிகக் குறைவு.

பூ விடும்போதே இது தெரிந்துவிடும். நல்ல பூ காலையில் விரிந்து நிற்கும். புழு இருக்கிற பூவின் இதழ்கள் நூலால் தைத்ததுபோல் உள்பக்கமாகச் சுருண்டு, விரியாமல் ரோஜா மொட்டு மாதிரி நிற்கும். அதைக் கிள்ளிப் பிரித்தால் மகரந்தத்துக்குள் தலை கறுத்த சின்னப் புழு. காய்க்குள் போய்விட்டால் வெளியிலிருந்து பார்க்கிற கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. குட்டிப் புழு துளைத்த ஓட்டை காய் பருக்கும்போது மூடிக்கொள்ளும். காயை உடைத்தால்தான் உள்தோலில் ஊர்ந்த தடம், மஞ்சளாகிப் போன பஞ்சு, குடைந்த விதை எல்லாம் தெரியும். உள்ளே இருக்கிற புழுவுக்கு மேலே அடிக்கிற மருந்து எட்டாது.

பருத்தி எடுக்கப் போகிற பெண்களுக்கு இந்த நஷ்டம் விரலிலேயே தெரியும். நல்ல காய் நாலு பக்கமும் வெடித்துப் பஞ்சு தளர்ந்து தொங்கும், ஒரே இழுப்பில் வந்துவிடும். புழு தின்ற காய் பாதிதான் திறக்கும். நகத்தால் நோண்டி எடுக்க வேண்டும், காய் ஓட்டின் முனை விரலைக் கிழிக்கும். எடுத்த பஞ்சும் கறை பிடித்து உருண்டையாக இருக்கும். கூலி அதேதான், எடை பாதிதான். விற்பனைக்கூடத்தில் அது கொட்டுப் பருத்தி என்று தனிக் குவியலாகப் போகும். நல்ல பருத்தியின் விலையில் பாதிக்கும் கீழே அது ஏலம் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த நிலையில் விவசாயி என்ன செய்வார்? மருந்தைக் கூட்டுவார். ஒன்றுக்கு இரண்டாகக் கலந்து அடிப்பார். 2017 இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே ஆண்டு எங்கள் பெரம்பலூர் மாவட்டத்திலும் பருத்திக் காட்டில் மருந்து அடித்தவர்கள் இறந்தார்கள், பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். ஆள் உயரத்துக்கு வளர்ந்த செடிக்குள் நின்று பவர் ஸ்பிரேயரில் அடித்தால் மருந்து முகத்துக்குத்தான் திரும்பி வரும். பொறியும் லூரும் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களிடம் நான் சொல்வது இதைத்தான். எப்போது மருந்து அடிக்கத் தேவையில்லை என்று நமக்குச் சொல்கிற ஒரே பொருள் அந்தப் பொறி.

சரி, பணத்துக்கு வருவோம்.

முதலில் எங்கள் ஊருக்குப் பொறி வந்தது செயல்விளக்கத் திடல் என்ற பெயரில். பயனாளிப் பட்டியலில் இருந்தவர்கள் ஊரின் நாலு மூலையிலும் இருந்தார்கள். ஒருவருக்கு வடக்குக் காட்டில் ஒரு ஏக்கர், இன்னொருவருக்கு ஏரிக்கரை ஓரம். ஒவ்வொருவருக்கும் சில பொறி, ஒவ்வொரு பொறிக்கும் ஒரே ஒரு லூர். வந்தது மார்கழியில். ஆவணி, புரட்டாசியில் விதைத்த செடியில் அதற்குள் காய் பிடித்து முற்றத் தொடங்கியிருந்தது. விதைத்த 45 ஆம் நாள் வாக்கில், சப்பை (பூமொட்டு) கட்டும்போது வைக்க வேண்டிய பொறி அது. லூரின் வாசனை மூன்று நாலு வாரத்தில் தீர்ந்துவிடும். மாற்று லூர் கேட்டபோது அதற்குத் தனியாக ஒதுக்கீடு இல்லை என்றார்கள். தை மாதம் பார்த்தால் பொறிகள் எல்லாம் கம்பில் தொங்கிக்கொண்டிருந்தன, பூச்சி ஒன்றும் விழவில்லை. பூச்சியே இல்லை என்று நம்பியவர்களும் ஊரில் இருந்தார்கள்.

அப்போது எங்கள் பகுதிக்கு இருந்த உதவி வேளாண்மை அலுவலர் நல்ல மனிதர். குழுக் கூட்டத்துக்கு வந்தவரிடம் நேராகவே கேட்டேன். "சார், இதை ஐப்பசியில கொடுத்தா என்ன?"

"அக்கா, ஏப்ரலில் கணக்கு தொடங்குது. வழிகாட்டுதல் வரணும், இலக்கு பிரிக்கணும், அப்புறம் கொள்முதல். எங்க கைக்கு வரும்போது உங்க செடி காய் பிடிச்சிடுது. மார்ச்சுக்குள்ள செலவு காட்டியாகணும், அதனால கொடுத்துடறோம்."

"நாங்க முன்னாடியே பட்டியல் கொடுத்தா?"

"கொடுங்க. செயல்திட்டம் போடும்போது கையில் பட்டியல் இருந்தா எனக்கு வேலை சுலபம்."

அந்தப் பேச்சிலிருந்து நாங்கள் பிடித்துக்கொண்டதுதான் முதல் பாடம். அரசின் ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, மானாவாரிப் பருத்தியின் ஆண்டு ஆவணியில். நடுவில் இருக்கிற நாலு மாதத்தை நாம்தான் பயன்படுத்த வேண்டும். சித்திரை, வைகாசியில் வயலில் வேலை இருக்காது. விதைப்புக்கு முன்னாலேயே, எந்தச் சர்வே எண்ணில் யார் பருத்தி போடப்போகிறார்கள் என்று எழுதி, கையெழுத்து வாங்கி, விரிவாக்க மையத்தில் கொடுத்து, தேதி போட்ட ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்கிறோம். கூடவே ஒவ்வொருவரும் உழவன் செயலியில் மானியத்துக்கு முன்பதிவு செய்துவிடுகிறோம். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், புகைப்படம், சிறு குறு விவசாயி சான்று இவற்றின் நகலை ஆளுக்கு ஒரு உறையில் போட்டுக் குழுவிலேயே வைத்திருக்கிறோம். கேட்ட அன்றைக்கே கொடுக்க முடிகிறது. சான்றுக்காக அலைந்து கடைசி நாளைத் தவறவிட்ட பேச்சே இப்போது இல்லை.

இரண்டாவது பாடம் கொஞ்சம் கஷ்டமானது. எங்கள் குழு இருபது பேர் கொண்டது, ஆனால் இருபது பேரின் நிலமும் ஒட்டி இல்லை. தாய் அந்துப்பூச்சி வரப்பைப் பார்த்துப் பறப்பதில்லை. நம் வயலில் ஆண் பூச்சியைப் பொறியில் பிடித்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்து வயலில் இணை சேர்ந்த பெண் பூச்சி இரவில் வந்து நம் செடியில் முட்டை வைத்துவிட்டுப் போகும். அதனால் குழுவுக்கு வெளியே இருப்பவர்களையும் சேர்க்க வேண்டியிருந்தது. ஓடைக்கும் வண்டிப்பாதைக்கும் நடுவில் இருக்கிற காடு முழுவதையும் ஒரே தொகுப்பாக எடுத்துக்கொண்டோம். ஒரு நிலத்துக்காரர் திருப்பூரில் இருக்கிறார், நிலம் குத்தகையில் இருக்கிறது. குத்தகைக்காரருக்குத் தன் பேரில் சிட்டா இல்லை. அவருடைய பங்குப் பொறியை மட்டும் குழுப் பணத்தில் வாங்கினோம். அவரை விட்டுவிட்டால் மற்றவர்கள் செய்வதெல்லாம் பாதிதான்.

பெரியப்பா முறையில் இருக்கும் ஒருவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "பாப்பா, பூச்சியைக் கூப்பிடற மருந்தை என் காட்டில் கட்டச் சொல்றியா?" என்றார். அவர் கேள்வியில் நியாயம் இருந்தது. ஒரே வயலில் மட்டும் பொறி கட்டினால் சுற்றுவட்டார ஆண் பூச்சியெல்லாம் அங்கே வரத்தான் செய்யும். எல்லார் வயலிலும் ஒரே வாரத்தில் கட்டுகிறோம் என்று சொன்ன பிறகுதான் சரி என்றார். இதை எந்தப் பயிற்சியிலும் யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. பொறியை நாலு பேருக்குக் கொடுத்து மற்றவர்களுக்குக் கொடுக்காமல் விட்டால் அந்த நாலு பேர்தான் முதலில் பொறியைக் கழற்றி வீசுவார்கள்.

ஒரே தொகுப்பாகக் கேட்டதில் அலுவலருக்கும் ஒரு வசதி இருந்தது. ஒவ்வொரு பயனாளியின் வயலிலும் போய் இடக்குறியோடு படம் எடுத்து ஏற்ற வேண்டும். நாலு மூலைக்கு அலைவதற்குப் பதில் ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடுகிறது. அரசு ஊழியரின் வேலை எளிதாகிற மாதிரி மனுக் கொடுத்தால் காரியம் நடக்கிறது. இதை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

பொருள் வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில உண்டு. பெக்டினோ லூர் என்று எழுதியிருந்தால்தான் அது இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு. ஹெலிலூர் பச்சைக் காய்ப்புழுவுக்கு, ஸ்போடோ லூர் புகையிலை வெட்டுப்புழுவுக்கு. மூன்றும் பார்க்க ஒரே மாதிரி ரப்பர் குப்பிகள். கலந்து வந்ததும் உண்டு. உறையைக் கிழிக்காமல் பெயரையும் காலாவதித் தேதியையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். லூரைத் தகரக் கொட்டகையில் வைக்கக் கூடாது. எங்கள் குழுவில் ஒருவர் வீட்டுக் குளிர்பெட்டியில் ஒரு டப்பாவில் போட்டு மூடி வைக்கிறோம். மாற்றும்போது மருந்து பட்ட கையால், புகையிலை பட்ட கையால் தொடக்கூடாது. ஒட்டும் அட்டை உள்ள பொறி என்றால் எங்கள் காட்டில் கரிசல் புழுதி படிந்து சில நாளிலேயே ஒட்டுத்தன்மை போய்விடுகிறது. புனல் வடிவப் பொறி கேட்டு வாங்குவது நல்லது. செடி உயர உயரப் பொறியையும் ஏற்றிக் கட்ட வேண்டும், செடியின் தலைக்கு மேல் ஒரு அடி.

பூச்சி நிலவரம் பார்க்க ஏக்கருக்கு இரண்டு பொறி போதும். ஆண் பூச்சிகளைப் பிடித்துக் குறைப்பதென்றால் எட்டு அல்லது பத்துப் பொறியாவது வேண்டும். பொறிக்கு எட்டுப் பூச்சி வீதம் தொடர்ந்து மூன்று இரவு விழுந்தால் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது கணக்கு. அதோடு வயலில் அங்கங்கே 20 பச்சைக் காயைப் பறித்து உடைத்துப் பார்ப்போம். இரண்டு காயில் உயிரோடு புழு இருந்தால் பத்து சதவீதம், அதுவும் எல்லை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் காலையில் பொறியைத் திறந்து எண்ணி நோட்டில் எழுதிவிடுவார்கள். சாம்பலும் பழுப்பும் கலந்த சின்னப் பூச்சி, விரல் நகத்தளவுகூட இல்லை. முதலில் சிலர் வேறு பூச்சியையும் சேர்த்து எண்ணினார்கள். ஒரு பூச்சியை அட்டையில் ஒட்டி மாதிரிக்கு வைத்த பிறகு அந்தக் குழப்பம் தீர்ந்தது.

இந்த நோட்டுதான் எங்களுக்குப் பெரிய பலன் கொடுத்தது. எண்ணிக்கை எல்லைக்குக் கீழே இருக்கிற வாரத்தில் யாரும் மருந்து வாங்கப் போவதில்லை. ஏறினால் தொகுப்பு முழுவதும் அதே வாரத்தில் அடிக்கிறோம், அதுவும் அலுவலரிடம் கேட்டு ஒரே ஒரு மருந்து. கடைக்காரர் தருகிற கலவைகளை வாங்குவதில்லை. ஒட்டுண்ணி அட்டை கட்டியிருக்கிற சமயமென்றால் மருந்தே கூடாது. அட்டையிலிருந்து வருகிற குளவிதான் முட்டையை அழிக்கும், மருந்து முதலில் அந்தக் குளவியைக் கொன்றுவிடும். ஒட்டுண்ணி அட்டையும் மருந்தும் ஒரே சாக்கில் வந்து, இரண்டையும் ஒரே வாரத்தில் பயன்படுத்தி, அரசு கொடுத்தது பலிக்கவில்லை என்று சொன்னவர்கள் உண்டு. அடுத்தடுத்த லூருக்கு அரசு கொடுக்காவிட்டாலும் ஏக்கருக்கு இவ்வளவு என்று வசூலித்து நாங்களே வாங்கிவிடுகிறோம். ஒரு முறை மருந்து அடிக்கிற செலவில் சின்னப் பங்குதான் அது.

இணை சேராமல் குழப்புகிற கயிறு என்று ஒன்று இருக்கிறது. பெண் பூச்சியின் வாசனை ஏற்றிய சின்னக் கயிற்றுத் துண்டு, ஏக்கருக்கு 160 வரை செடியில் கட்ட வேண்டும். காடு முழுவதும் அந்த வாசனை நிறைந்திருக்கும்போது ஆண் பூச்சிக்குப் பெண் இருக்கும் இடம் தெரியாது. விலை அதிகம், ஏக்கருக்குச் சில ஆயிரம். அதோடு, தொடர்ந்து பெரிய பரப்பில் கட்டினால்தான் பலிக்கும். எந்தத் தனி விவசாயியும் இதை வாங்க மாட்டார், வாங்கினாலும் பயனில்லை. பொதுப் பணம் போக வேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து. தனியாக வாங்கிப் பயன்படுத்த முடிகிற பொருளுக்கு மானியம் கொடுப்பதைவிட, சேர்ந்தால் மட்டுமே பலிக்கிற பொருளுக்குக் கொடுப்பது நியாயம்.

எல்லாவற்றையும்விட அதிகப் பலன் தருகிற வேலைக்கு மிகக் குறைவாகப் பணம் வருகிறது. அது பருத்திமாரை, அதாவது எடுப்பு முடிந்து காட்டில் நிற்கிற செடிக் குச்சியை அழிப்பது. கடைசி எடுப்பு முடிந்ததும் மாசி, பங்குனியில் செடியை நிறுத்திவிட வேண்டும். ஆனால் கோடை மழை ஒன்று பெய்தால் செடி மறுபடி துளிர்த்துப் பூக்கும், இன்னும் கொஞ்சம் எடுக்கலாமே என்று விடுவார்கள். அந்தக் கொஞ்சத்தில்தான் புழு அடுத்த ஆண்டுக்குத் தங்குகிறது. இரண்டு விதைகளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு அதற்குள் மாதக்கணக்கில் தூங்கும். வெடிக்காத காயோடு நிற்கிற மார், வீட்டுக் கொல்லையில் அடுக்கிய மார்க்கட்டு, ஜின்னிங் மில்லில் குவித்திருக்கிற கழிவு எல்லாம் அதற்கு வீடு.

குழுக்கள் சேர்ந்த உழவர் உற்பத்தியாளர் குழுவுக்குக் கூட்டுப் பண்ணையத்தில் 5 லட்சம் ரூபாய் கருவி வாங்கக் கிடைத்தது. நூறு பேர் சேர்ந்த குழு அது. என்ன வாங்குவது என்று பெரிய விவாதம் நடந்தது. மாரைப் பொடியாக்கி மண்ணில் கலக்கிற கருவி வேண்டும் என்று ஆண்கள் சொன்னார்கள். எதிர்த்தவர்கள் பருத்தி எடுக்க வருகிற பெண்கள். "மாரை எல்லாம் உழுதுட்டா ஆடி வரைக்கும் எதை வச்சு அடுப்பெரிக்கிறது?" என்று ஒரு சின்னம்மா கேட்டார். சொந்த நிலம் இல்லாதவர், எடுப்புக் கூலியோடு மார் பிடுங்கிக்கொள்கிற உரிமைதான் அவருக்கு ஆண்டு விறகு. கேஸ் சிலிண்டர் வாங்குகிற நிலையில் அவர் குடும்பம் இல்லை. புழுவை ஒழிக்கிற திட்டம் எழுதுகிறவர்கள் இந்த விறகுக் கணக்கை ஒருநாளும் எழுதுவதில்லை. கடைசியில் நாங்கள் ஒத்துக்கொண்டது இது: சாலையோரக் காடுகளில் கருவி ஓட்டுவது. விறகு வேண்டுகிறவர்கள் மாரைப் பிடுங்கி, அதில் இருக்கிற காய் முழுவதையும் வயலிலேயே அடித்து உதிர்த்து எரித்துவிட்டு, வெறும் குச்சியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோவது. உதிர்க்கிற வேலைக்குக் குழுவிலிருந்து அரைநாள் கூலி.

அதற்கு முன்னால் ஆட்டுக்கிடை. கடைசி எடுப்பு முடிந்த காட்டில் ஆடு விட்டால் பச்சைக் காயையும் பிஞ்சையும் புழுவோடு தின்று தீர்க்கும், எருவும் விழும். மருந்து அடித்த காடென்றால் நாள் கடந்துதான் விட வேண்டும், கிடைக்காரரிடம் அதை மறைக்கக் கூடாது. கிடைக்கு இரவுக் கூலி நாங்கள்தான் கொடுக்கிறோம். எனக்குத் தெரிந்து எந்தத் திட்டத்திலும் ஆட்டுக்கிடைக்கு மானியம் இல்லை. இருந்தால் மாவட்டம் முழுவதும் ஒரே மாதத்தில் பருத்திக் காட்டைச் சுத்தம் செய்துவிடலாம் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். சீக்கிரம் முடிகிற ரகமும் உதவும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 17 ரகம் 130 நாள் வாக்கில் முடிந்துவிடும், நெருக்கி நடலாம். பிடி இல்லாத ரகம் என்பதால் பச்சைக் காய்ப்புழுவையும் கவனிக்க வேண்டும், ஆனால் செடி நிற்கிற காலமே குறைவு.

பொதுப் பணத்தை இப்படி ஒரு பரப்புக்கென்று செலவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்கா ஒரு சாட்சி. கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் 1960களின் கடைசியிலேயே பருத்தி விவசாயிகள் பேலுக்கு (பஞ்சுப் பொதிக்கு) இவ்வளவு என்று தங்களுக்குள் வசூலித்து, மலடாக்கிய அந்துப்பூச்சிகளை விமானத்திலிருந்து விடத் தொடங்கினார்கள். பிறகு அரிசோனா, டெக்சாஸ், நியூ மெக்சிகோ, எல்லைக்கு அந்தப் பக்கம் வட மெக்சிகோ என்று விரித்தார்கள். பிடி பருத்தி, இனக்கவர்ச்சிப் பொருள், மலட்டுப் பூச்சி, அறுவடைக்குப் பின் மாரைக் கட்டாயமாக உழுவது எல்லாம் ஒன்றாக நடந்தது. செலவில் விவசாயியின் வசூலும் இருந்தது, அரசின் பங்கும் இருந்தது. 2018 அக்டோபரில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு தங்கள் பருத்தி வயல்களில் இல்லை என்று அந்த நாடு அறிவித்தது. அங்கே ஒரு விவசாயி நூற்றுக்கணக்கான ஏக்கர் வைத்திருப்பார், நமக்கு ஒன்று இரண்டு ஏக்கர்தான். அப்படியே கொண்டுவர முடியாது. ஆனால் யாரும் விலகி நிற்க முடியாதபடி, ஒரு பகுதி முழுவதற்கும் ஒரே தேதியில் பணமும் வேலையும் போனதுதான் அங்கே நடந்த காரியத்தின் உயிர்.

நமக்கும் அப்படி ஒரு சின்ன அனுபவம் உண்டு. 2018 இல் மக்காச்சோளத்தில் படைப்புழு வந்து எங்கள் மாவட்டத்தையே ஆட்டியபோது முதலில் நிவாரணம் கொடுத்தார்கள். அடுத்த பருவத்தில் அரசே நிதி ஒதுக்கி ஒட்டுமொத்தமாக மருந்து தெளிக்க ஏற்பாடு செய்தது. மக்காச்சோளத்துக்குச் செய்த அதைப் பருத்திக்கும் கேட்கலாம்.

சேதம் நடந்த பிறகு வருகிற பணம் எப்போதும் பெரியது, ஆனால் விவசாயிக்குப் போதாது. 2017 சேதத்துக்கு மகாராஷ்டிர அரசு ஹெக்டேருக்கு மானாவாரிக்கு 30,800 ரூபாய், பாசனத்துக்கு 37,500 ரூபாய் என்று அறிவித்தது. அதில் பேரிடர் நிதி, பயிர்க் காப்பீடு, விதை நிறுவனங்கள் கொடுக்க வேண்டியது என்று மூன்று பங்கு சேர்த்துக் கணக்குச் சொன்னார்கள். பேரிடர் நிதி விதிகளில் பூச்சித் தாக்குதலும் பேரிடர்தான். 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் இருந்தால் மானாவாரிக்கு ஹெக்டேருக்கு 8,500, பாசனத்துக்கு 17,000 என்பது 2022 முதல் வந்த விதி. ஏக்கருக்குப் போட்டால் மானாவாரிக்கு 3,400 ரூபாய். எடுப்புக் கூலிக்கே காணாது.

காப்பீட்டில் பருத்திக்குக் காப்பீட்டுத் தொகையில் 5 சதவீதம் வரை நாம் கட்ட வேண்டும். நான் கட்டச் சொல்கிறேன், ஆனால் விவரம் தெரிந்து கட்டுங்கள். புழுவால் வந்த நஷ்டத்துக்குத் தனி வயலைப் பார்த்துத் தர மாட்டார்கள். அறிவிக்கை செய்த கிராமம் அல்லது பிர்க்காவின் சராசரி மகசூலைப் பார்த்துத்தான் தருவார்கள். அதனால் நம் வயலைப் படம் எடுத்து அனுப்பிப் பயனில்லை, பயிர் அறுவடைச் சோதனை நடக்கும் நாளில் ஊர்க்காரர்கள் போய் நிற்பதுதான் பயன். அடங்கலில் பருத்தி என்று ஏறியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பருத்திக் காட்டுக்கு மக்காச்சோளம் என்று பதிவாகி, காப்பீடும் மானியமும் இரண்டும் போனவர்கள் எங்கள் சுற்றுவட்டாரத்திலேயே இருக்கிறார்கள்.

2025 பிப்ரவரியில் மத்திய பட்ஜெட்டில் பருத்தி உற்பத்தித்திறனுக்கென்று ஐந்தாண்டு இயக்கம் அறிவித்தார்கள். அந்தப் பணம் கீழே வரும்போது எந்த வடிவத்தில் வர வேண்டும் என்று இப்போதே கேட்டால்தான் உண்டு. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் நாங்கள் கொடுக்கும் மனுவில் மூன்று கோரிக்கைதான். பொறியோடு ஒரு பருவத்துக்குத் தேவையான லூர் முழுவதும் ஐப்பசி பிறக்கும் முன் வர வேண்டும். பயனாளியை ஆள் பார்த்து எடுக்காமல் ஒட்டிய சர்வே எண்களாக எடுக்க வேண்டும், குத்தகைக்காரரையும் சேர்த்து. மார் அழிப்புக்கும் ஆட்டுக்கிடைக்கும் ஏக்கருக்கு ஒரு தொகை ஒதுக்க வேண்டும், வேலை பங்குனிக்குள் முடிந்ததைப் பார்த்த பிறகு கொடுத்தால் போதும்.

முதல் இரண்டுக்கும் வழி இருக்கிறது, செயல்திட்டத்தில் சேர்த்து அனுப்புகிறோம் என்றார்கள். மூன்றாவதற்கு நிதி ஒதுக்கத் தலைப்பு இல்லை என்றார்கள். பக்கத்து ஊர்களிலிருந்தும் அதே மூன்றாவது கோரிக்கை போனால் தலைப்பு வரும் என்று எங்கள் அலுவலர் சொல்கிறார். பெரம்பலூர், அரியலூர், சேலம், விருதுநகர் பக்கம் பருத்தி போடுகிறவர்கள் இதைப் படித்தால், உங்கள் மாவட்டக் கூட்டத்தில் இந்த ஒன்றையாவது எழுதிக் கொடுங்கள். கிடை எத்தனை நாள் போட்டீர்கள், என்ன கூலி ஆயிற்று, அடுத்த பருவத்தில் பொறியில் எத்தனை பூச்சி விழுந்தது என்ற கணக்கையும் சேர்த்துக் கொடுங்கள்.